பைக்கில் சத்தமான ஹாரன் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ஜிஎஸ்டி சாலையில் தினமும் 150 சிசி பைக்கில் போய் வருகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் அந்த வண்டியில் ஜோடி விண்ட்டோன் ஹாரன் (கார் ஹாரன் மாதிரி கனமாக ஒலிப்பது) மாட்டினேன். முதல் தடவை தப்பாக மாட்டி, இரண்டாம் தடவைதான் சரியாக மாட்டினேன். அதற்கப்புறம் ஆபீஸ் பார்க்கிங்கிலும் டீக்கடையிலும் உறவுக்காரர் வீட்டு விசேஷத்திலும் ஒரே சந்தேகங்களைப் பலர் கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கம்பெனி ஹாரனே இருக்கே, அதை எதுக்கு மாத்தணும்?

எல்லோரும் மாற்ற வேண்டியதில்லை. வீட்டிலிருந்து கடைக்கு, பள்ளிக்கு, தெருக்களுக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு வண்டியோடு வரும் ஹாரனே தாராளம். சிக்கல் பெரிய சாலையில் வருகிறது. ஸ்டாப்பில் நின்ற பஸ் கிளம்பி வலது பக்கம் ஒதுங்கும்போது நீங்கள் அதன் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பீர்கள். கார்க்காரர் கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் போட்டிருப்பார். சின்ன வண்டிகளின் ஒற்றை ஹாரன் எழுப்பும் மெல்லிய 'பீப்' அவர்கள் காதில் விழுவதே இல்லை. அந்த இரண்டு நொடிக்காகத்தான் நல்ல ஹாரன் வேண்டும் என்கிறேன். முன்னால் போகிறவரை விரட்டுவதற்காக அல்ல.

முன்னாடி நல்லா கத்தும். இப்ப தொண்டை கட்டின மாதிரி இருக்கு. புதுசு வாங்கிடவா?

அவசரப்படாதீர்கள். முதலில் இன்ஜினை ஓட விட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து ஹாரன் அடித்துப் பாருங்கள். அப்போது மட்டும் நன்றாக ஒலித்தால் குறை பேட்டரியில். ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரி கம்மலாக இருந்தால் ஹாரனின் பின்னால் உள்ள இரண்டு லக்குகளையும் (வயர் முனையில் செருகும் உலோகக் கிளிப்) கழற்றிப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கமாக மாட்டினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது.

அடுத்தது திருகு. ஹாரனுக்குள் மெல்லிய இரும்புத் தகடு ஒன்றும், அதை இழுக்கும் காயிலும் (கம்பிச் சுருள்), நொடிக்குச் சில நூறு தடவை சேர்ந்து பிரியும் பாயிண்டும் இருக்கின்றன. பாயிண்ட் தேயத் தேயத் தகடு சரியாக அதிராது. பின்பக்கம் உள்ள சின்னத் திருகு அந்தப் பாயிண்டின் இடைவெளியைச் சரிசெய்யத்தான் இருக்கிறது. சில ஹாரன்களில் அதன்மேல் மெழுகோ பெயின்ட்டோ பூசியிருப்பார்கள். திருகு இப்போது இருக்கும் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு, எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பி, ஒரு நொடி அடித்துப் பாருங்கள். குரல் மோசமானால் மறுபக்கம் திருப்புங்கள். ஓரிடத்தில் குரல் சட்டென்று தெளியும், அங்கே நிறுத்திவிடுங்கள். இவ்வளவும் செய்து பலனில்லை என்றால்தான் கடைக்குப் போக வேண்டும்.

கடையில பத்து வகை காட்டுறாங்க. எதை வாங்குறது?

பைக்குக்கு ஏற்றவை இரண்டே வகை. ஒன்று தட்டையான டிஸ்க் ஹாரன். கம்பெனி ஹாரனின் இடத்திலேயே உட்காரும், குரல் கூர்மையாக இருக்கும். இன்னொன்று நத்தைக் கூடு போல வளைந்த விண்ட்டோன். அந்த வளைவுக்குள் காற்று அதிர்ந்து வருவதால் குரல் கார் ஹாரன் மாதிரி கனமாக இருக்கும், ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். கோயம்புத்தூரின் ரூட்ஸ், மிண்டா, ஹெல்லா, போஷ் என்று தெரிந்த பெயர்களில் இரண்டு வகையும் கிடைக்கின்றன. பெட்டியில் ஐஎஸ் 1884 என்ற தர எண் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், 12 வோல்ட்தானா என்று உறுதி செய்யுங்கள் (லாரிக்கான 24 வோல்ட் ஹாரனும் அதே அலமாரியில்தான் இருக்கும்), பில் வாங்குங்கள். சென்னையில் ஜிபி ரோட்டில் ஒரே பெயரில் அசலும் போலியும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் விற்கும். பில் தர மறுக்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

ஏர் ஹாரன், பல ராகம் பாடும் மியூசிக்கல் ஹாரன், நாய் குரைக்கிற, குழந்தை அழுகிற ஹாரன் எதுவும் வேண்டாம். காரணம் சட்டம் பற்றிய கேள்வியில் வருகிறது.

118 டெசிபல்னு போட்டிருக்கு. எண் பெருசா இருந்தா நல்லதுதானே?

டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கில் வராது. 10 டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். 2, 3 டெசிபல் வித்தியாசத்தைச் சாலை இரைச்சலில் உணரவே முடியாது. அதனால் 115க்கும் 118க்கும் நடுவில் நின்று குழம்ப வேண்டாம்.

தூரம்தான் பெரிய விஷயம். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 110 என்றால் 4 மீட்டரில் 104, 8 மீட்டரில் 98, 16 மீட்டரில் 92, 32 மீட்டரில் 86. அது மூடிய கார்க் கண்ணாடியைத் தாண்டி உள்ளே போகும்போது இன்னும் நிறையக் குறைந்துவிடும். அதே சமயம், ஹாரனுக்கு மிக அருகில் இருப்பது உங்கள் காதும், டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காதும்தான். இதையும் யோசித்து வாங்குங்கள்.

ஒண்ணு போதுமா, ஜோடியா மாட்டணுமா?

ஒரே மாதிரி இரண்டு ஹாரன் மாட்டினால் கூடுவது 3 டெசிபல்தான். ஜோடியின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று சுமார் 400 ஹெர்ட்ஸில் தாழ்ந்த குரல், இன்னொன்று சுமார் 500 ஹெர்ட்ஸில் உயர்ந்த குரல். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது சாலையின் மற்ற இரைச்சலிலிருந்து தனியாகப் பிரிந்து கேட்கும். பின்னால் வருவது கார் என்று நினைத்து இடம் விடுபவர்களும் உண்டு. தாழ்ந்த குரல் கண்ணாடியைக் கொஞ்சம் சுலபமாகக் கடக்கும். இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் தாழ்ந்த குரல் உள்ளதை எடுங்கள். பெரும்பாலும் பின்பக்கம் 'எல்' என்று இருக்கும்.

ரிலே கண்டிப்பா வேணுமா? எங்க மெக்கானிக் நேராவே மாட்டிடலாம்னு சொல்றார்.

கண்டிப்பாக வேண்டும். சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு ஸ்விட்ச்தான் ரிலே. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சின்ன வண்டியின் கம்பெனி ஹாரன் இழுப்பது சுமார் 2 ஆம்பியர். அதற்கேற்ற மெல்லிய வயரும், கட்டைவிரலுக்குக் கீழே குட்டியான செம்புத் தொடுமுனைகளும்தான் வண்டியில் இருக்கின்றன. ஜோடி விண்ட்டோன் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போக வர 3 மீட்டர் என்று வைத்தாலே 8 ஆம்பியருக்கு முக்கால் வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும். கப்ளர், சாவி, ஸ்விட்ச் என்று வழியில் ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ரிலே இருந்தால் பழைய வயரும் ஸ்விட்சும் ரிலேக்குள் உள்ள காயிலை மட்டும் இயக்கும். அதற்கு 0.2 ஆம்பியர் அளவுதான் தேவை. பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து புது வயரில் நேராக ஹாரனுக்குப் போகும்.

நான் முதலில் ஒரு கடையில் ரிலே இல்லாமல்தான் மாட்டிக்கொண்டேன். ஹாரன் ஒலித்தது, ஆனால் எதிர்பார்த்த சத்தம் இல்லை. மூன்றாம் வாரம் குரோம்பேட்டை சிக்னலில் ஹாரன் பட்டனை விட்ட பிறகும் அது நிற்கவில்லை. ஸ்விட்சைத் திறந்து பார்த்தபோது தொடுமுனை இரண்டும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சுற்றியிருந்த பிளாஸ்டிக் கன்னங்கரேல் என்று குமிழ் விட்டிருந்தது. ஹெட்லைட்டுக்குக் கீழே வயர்க் கொத்தில் ஒரு வயரின் உறை இளகிப் பக்கத்து வயரோடு ஒட்டியிருந்தது. புது ஸ்விட்ச் போட்டு, ரிலே வைக்கும் முன் மல்டிமீட்டரில் பார்த்தேன். பேட்டரியில் 12.5 வோல்ட், ஹாரன் அடிக்கும்போது ஹாரன் முனையில் 9.7. ரிலே வைத்த பிறகு அதே இடத்தில் 12.0. அதே ஹாரன்தான், ஆனால் பக்கத்தில் நின்ற தம்பி காதைப் பொத்திக்கொண்டான்.

ரிலேல நாலு கால் இருக்கு. எது எங்க போகணும்?

கால்களின் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். 30 என்ற கால் ஃப்யூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவுக்கு. 87 என்பது ஹாரன்களின் ஒரு முனைக்கு. ஹாரன்களின் மறுமுனை பேட்டரி நெகட்டிவுக்கோ, பெயின்ட் சுரண்டிய நல்ல எர்த் போல்ட்டுக்கோ (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்திருக்கும் சேசிஸ்தான் எர்த்). மிஞ்சியிருக்கும் 85, 86 இரண்டிலும் வண்டியின் பழைய ஹாரனிலிருந்து கழற்றிய இரண்டு வயர்களை மாட்டுங்கள்.

ஐந்து கால் ரிலே கொடுத்துவிட்டார்கள் என்றால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். அதை வெறுமனே விட்டு, டேப் சுற்றிவிடுங்கள். தெரியாமல் ஹாரனை அதில் மாட்டினால் பட்டனைத் தொடாமலே ஹாரன் அலறும், அழுத்தினால் நிற்கும்.

என் வண்டியில ஸ்விட்ச் பாசிட்டிவ் பக்கமா, எர்த் பக்கமானு தெரியலையே?

தெரிய வேண்டியதே இல்லை. சில வண்டிகளில் பட்டன் பாசிட்டிவைக் கொடுக்கும், சிலவற்றில் பாசிட்டிவ் எப்போதும் ஹாரனில் இருக்க, பட்டன் எர்த்தைக் கொடுக்கும். பழைய ஹாரனின் இரண்டு வயரையும் 85, 86க்குக் கொண்டுபோனால் இரண்டு வகையிலும் வேலை செய்யும். 'ஒரு வயரை விட்டுவிட்டு எர்த் கொடுங்கள்' என்று சொல்லும் படங்களைப் பின்பற்றித்தான் பலர் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். ரிலேயின் மேல் டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுவது) சின்னம் இருந்தால் மட்டும் எது பாசிட்டிவ் என்று பார்த்து மாட்ட வேண்டும். சாதாரண ரிலேயில் எப்படி மாட்டினாலும் சரி. ஹாரனுக்கும் அப்படித்தான்.

இதில் இன்னொரு லாபம்: பழைய ஹாரன் வயர் சாவி போட்டால்தான் உயிர்பெறும் வண்டிகளில் புது ஹாரனும் அப்படியே இருக்கும். நிறுத்திய வண்டியில் யாரும் விளையாட முடியாது.

வயர், ஃப்யூஸ் எந்த அளவு?

ஒற்றை ஹாரனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், ஜோடிக்கு 2.5 இருந்தால் நிம்மதி. பல இழை உள்ள ஆட்டோ வயர் வாங்குங்கள், வீட்டு வயரிங்கில் மிச்சமான ஒற்றைக் கம்பி வேண்டாம். அதிர்வில் முறிந்துவிடும். ஒற்றைக்கு 10, ஜோடிக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ். அது பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஹாரன் பக்கத்தில் ஃப்யூஸ் வைத்தால் நடுவழியில் வயர் உரசி எர்த் ஆகும்போது அது காப்பாற்றாது. டேங்கின் கீழ் வரும் வயருக்கு ஸ்லீவ் போடுங்கள், ஹேண்டில் திரும்பும் இடத்தில் கொஞ்சம் தொய்வு விடுங்கள்.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றி, முடிக்கும்போது கடைசியாக மாட்டுங்கள். பாசிட்டிவைத் திருகும் ஸ்பேனர் சேசிஸில் பட்டாலும் தீப்பொறி வராது.

மாட்ட இடமே இல்லையே?

மாட்டும் முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஒருவரை முன்னால் அழுத்தச் சொல்லி, ஃபோர்க் முழுதாக இறங்கும்போது மட்கார்டு ஹாரனில் இடிக்கிறதா பாருங்கள். வெறும் கண்ணுக்குப் பெரிய இடைவெளியாகத் தெரிவது ஸ்பீடு பிரேக்கரில் காணாமல் போய்விடும். சைலன்சர் வளைவுக்குப் பக்கத்தில் வேண்டாம், இன்ஜின் சிறகுகளுக்குப் போகும் காற்றையும் மறைக்க வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் டேங்குக்குக் கீழே முன்பக்கச் சேசிஸ் குழாயின் இரு பக்கமும் கிளாம்ப் போட்டு பக்கத்துக்கு ஒன்றாக மாட்டலாம். கிராஷ் கார்டில் மாட்டுவது சுலபம், ஆனால் வண்டி விழுந்தால் முதலில் நொறுங்குவது ஹாரன்தான்.

ஹாரனோடு வரும் வளையும் இரும்புப் பட்டையை விட்டுவிட்டு நேராக போல்ட் போடாதீர்கள். ஹாரன் அந்தப் பட்டையில் தொங்கி அதிர வேண்டும். உடம்பு எங்கேயாவது சேசிஸைத் தொட்டால் குரல் பாதியாகிவிடும்.

பேட்டரி தாங்குமா? செல்ஃப் எடுக்காமப் போயிடுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ஆம்பியர் இழுக்கும் ஜோடியை ஒரு நாளில் 100 தடவை, தடவைக்கு அரை நொடி அடித்தாலும் மொத்தம் 0.14 ஆம்பியர்-ஹவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) தான். வண்டி ஓடும்போது அது திரும்ப ஏறிவிடும். ஏற்கெனவே பலவீனமான பேட்டரிதான் காட்டிக்கொடுக்கும்: ஐடிலிங்கில் ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்கும், மீட்டர் விளக்கு துடிக்கும். 3, 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி உள்ள 100 சிசி வண்டிக்கு ஒற்றை ஹாரனோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

மழையில நனைஞ்சா வீணாப் போயிடுமா?

விண்ட்டோனின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், முன்னால் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். மேல்நோக்கி வைத்தால் டிசம்பர் மழையில் கிண்ணம் போல நிரம்பிவிடும். தண்ணீர் புகுந்து குரல் கரகரத்தால் கழற்றிக் கவிழ்த்து, ஒரு நாள் உலர விட்டாலே பெரும்பாலும் சரியாகும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை வாய்க்குள் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ரிலேயை சீட்டுக்கு அடியில், கால்கள் கீழே பார்க்கும்படி வையுங்கள்.

ரிலே 'டிக்'னு சொல்லுது, ஹாரன் அடிக்கல.

'டிக்' கேட்டால் பட்டன், பழைய வயர், 85, 86 எல்லாம் சரி. பெரிய மின்சாரம் போகும் பாதையில்தான் குறை. முதலில் ஃப்யூஸ். அடுத்து டெஸ்ட் லேம்ப்பை 30இல் வையுங்கள், எரிய வேண்டும். பட்டனை அழுத்தியபடி 87இல் வையுங்கள், அங்கேயும் எரிய வேண்டும். இரண்டிலும் எரிந்தும் ஹாரன் ஊமை என்றால் எர்த்தைப் பாருங்கள். ஒரே முனை உள்ள ஹாரன் பட்டை வழியாகத்தான் எர்த் எடுக்கும், பட்டைக்கும் சேசிஸுக்கும் நடுவில் பெயின்ட் இருந்தால் ஒலிக்காது. 'டிக் டிக் டிக்' என்று விடாமல் தந்தியடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும்.

வாரண்டி போயிடுமா?

வயரை வெட்டினால் மின்பகுதிக்கான வாரண்டியில் தகராறு வரும். வெட்டவே தேவையில்லை. பழைய லக்கில் பொருந்தும் ஆண் லக்கை ரிலே வயரின் முனையில் போட்டால் போதும். கம்பெனி ஹாரனைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். சர்வீஸுக்கு முன் பத்து நிமிடத்தில் திருப்பி மாட்டிவிடலாம்.

போலீஸ் பிடிப்பாங்களா?

எந்த ஹாரன் என்பதைப் பொறுத்தது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆவது விதி, வெவ்வேறு சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் ஹாரனையும், அளவுக்கு மீறிக் கடுமையாக, பீதியூட்டும்படி ஒலிக்கும் கருவியையும் தடை செய்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஏர் ஹாரனும் மியூசிக்கல் ஹாரனும் இதில்தான் மாட்டுகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி அளவு விதியை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். தர எண் உள்ள சாதாரண 12 வோல்ட் ஹாரனைப் பற்றி இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் பில்லை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அடிக்கும் விதத்துக்கும் சட்டம் உண்டு. 194எஃப் பிரிவு: தேவையில்லாமல், விடாமல், அல்லது ஹாரன் தடைப் பலகை உள்ள இடத்தில் அடித்தால் முதல் தடவை 1,000, அடுத்த தடவை 2,000 ரூபாய்.

ஜோடில ரெண்டு குரல் இருக்கே, அது மல்டி டோன் ஆகாதா?

நல்ல கேள்வி. விதி தடுப்பது ஒன்றன்பின் ஒன்றாக மாறும் சுரங்களை. ஜோடி ஹாரனில் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நிற்கும், கம்பெனியிலிருந்தே பல கார்கள் அப்படித்தான் வருகின்றன. ஆனால் இரண்டையும் மாற்றி மாற்றி அடிக்க வைக்கும் ஒரு சின்ன ஃப்ளாஷர் பெட்டியும் கடைகளில் கிடைக்கிறது. அதைச் சேர்த்தால் அதே ஜோடி சட்டத்துக்குப் புறம்பாகிவிடும்.

ஆஸ்பத்திரி பக்கம், ராத்திரி தெருவுக்குள்ள இவ்வளவு சத்தம் ஒரு மாதிரி இருக்கு. பழைய ஹாரனையும் வச்சுக்க முடியுமா?

முடியும், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒலி மாசு விதிகளின்படி ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி அறிவிக்கப்படும் அமைதிப் பகுதியிலும், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியிலும் ஹாரனே அடிக்கக் கூடாது. மற்ற நேரத்தில் தெருவுக்குள் ஒரு மெல்லிய 'பீப்' போதும்.

பழைய ஹாரனை அதன் வயர்களோடு அப்படியே இருக்க விடுங்கள். அந்த இரண்டு வயரிலிருந்தும் கிளை எடுத்து 85, 86க்குக் கொண்டுபோங்கள். ஒரு கிளையின் நடுவில் தண்ணீர் புகாத சின்ன டாகிள் ஸ்விட்ச். ரிலேக்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதனால் குட்டி ஸ்விட்சே தாங்கும். ஸ்விட்ச் அணைந்திருந்தால் பழைய ஹாரன் மட்டும், போட்டால் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். நான் அதை இடது கைப்பிடிக்குப் பக்கத்தில், கிளவுஸ் போட்ட விரலுக்கு எட்டும்படி வைத்திருக்கிறேன். பல்லாவரம் மேம்பாலம் ஏறும்போது போடுவேன், எங்கள் தெரு முனையில் அணைப்பேன்.

மாட்டியாச்சு. அப்பவும் லாரிக்காரர் ஒதுங்கவே இல்லையே?

60 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறீர்கள். 32 மீட்டர் தள்ளி அடித்தால், மேலே போட்ட கணக்கில் 86 டெசிபல்தான் அவரை எட்டுகிறது, அதுவும் அவருடைய இன்ஜின் சத்தத்துக்கு நடுவில். அவர் கேட்டு, கண்ணாடியில் பார்த்து, ஒதுங்குவதற்குள் நீங்கள் அவர் பக்கத்தில் இருப்பீர்கள். அதனால் அடித்த உடனே ஆக்சிலேட்டரைக் குறைத்து, பிரேக் மேல் இரண்டு விரல் வைத்துக் காத்திருங்கள். அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. அப்போது எந்த ஹாரன் இருந்தாலும் நான் ஓவர்டேக் எடுப்பதில்லை, ஹெட்லைட்டை ஒரு தடவை டிப் அடித்துவிட்டுப் பின்னாலேயே போகிறேன்.